வளர்த்த பிள்ளைக்கு வாழும்போதே எழுதி வையுங்கள்

 

பிள்ளைப் பேறு வாய்க்காத வீட்டை நம் ஊர்களில் வெறுமையாக விட்டுவைப்பதில்லை. அண்ணன் பெற்ற மூன்றாவது பெண்ணோ, தங்கை பெற்ற கடைக்குட்டியோ, தாயை இழந்த உறவுக் குழந்தையோ அவ்வீட்டுத் தொட்டிலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அக்குழந்தைக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுப்பதும், பெருநாளைக்குப் புத்தாடை எடுப்பதும், காய்ச்சல் கண்ட இரவில் கண்விழிப்பதும் அவ்வீட்டாரே. பெற்றவர் காட்டும் பரிவுக்கு அணுவளவும் குறையாத பரிவு அது. அதில் குறை காண எவருக்கும் வாயில்லை.

குறை வேறோரிடத்தில் இருக்கிறது. வளர்த்தவர் மறைந்த பின், சொந்த பந்தங்கள் கூடி, ஜமாஅத்துப் பெரியவர்களை வைத்துக்கொண்டு, பாகம் பிரிக்க உட்காரும் நாள் ஒன்று வருமல்லவா? அந்நாளில் அப்பிள்ளைக்கு எந்தப் பங்கும் கிடையாது. அதற்கு மற்ற உறவினர்கள் பேராசைக்காரர்களாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆலிம் ஒருவர் ஃபராயிள் கணக்கை முறைப்படி போட்டாலே விடை அதுதான். இருபது ஆண்டுகள் “என் பிள்ளை” என்று கொஞ்சப்பட்டவள் அன்று விருந்தாளியைப் போல் அடுக்களை வாசலில் நிற்கிறாள்.

இதற்கு மார்க்கத்தைக் காரணம் சொல்வோர் உண்டு. அது சரியன்று. ஹிபா என்றும், வஸிய்யத் என்றும் இரண்டு வாசல்களை மார்க்கம் அகலத் திறந்தே வைத்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் அவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு, நாளைக்கு என்று நாம் காலம் கடத்துவதே காரணம். இம்மாதம் இப்பகுதியில் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

மார்க்கம் விலக்கியது எதை?

அநாதையை ஆதரிப்பவரும் தாமும் சுவர்க்கத்தில் இவ்வாறு நெருங்கியிருப்போம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டிச் சொன்னதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். பெருமானாரே தந்தையின் முகம் காணாது பிறந்தார்கள். ஆறு வயதில் தாயாரையும் இழந்தார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிபும், அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிபும் அவர்களை வளர்த்தார்கள். உயிருக்கு உயிராய் வளர்த்த போதிலும் “அபூதாலிபின் மகன்” என்று அவர்களை ஒருவரும் அழைத்ததில்லை. அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என்பதே இறுதிவரை அவர்களுடைய பெயர். மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா நபி பொறுப்பேற்று வளர்த்ததைத் திருமறை (3:37) எடுத்துரைக்கிறது. அங்கும் பெயர் மாறவில்லை.

ஸைத் (ரலி) அவர்களின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். பெருமானார் அவரை வளர்ப்பு மகனாக அறிவித்திருந்ததால் மக்கள் அவரை ‘ஸைத் இப்னு முஹம்மத்' என்றே அழைத்து வந்தனர். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்கள் அருளப்பட்ட பின் அவர் மீண்டும் ‘ஸைத் இப்னு ஹாரிஸா' ஆனார். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும். தந்தை யாரென்று அறியப்படாதவர்கள் நமக்கு மார்க்கச் சகோதரர்கள் என்பது அவ்வசனங்களின் சாரம். மாறியது பெயர் மட்டுமே. பெருமானார் அவர்மீது வைத்த அன்பு சிறிதும் குறையவில்லை. நபித்தோழர்களுள் குர்ஆனில் பெயர் குறிப்பிடப்பட்டவர் அவர் ஒருவரே என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆக, மார்க்கம் விலக்கியது வளர்ப்பையன்று. வம்சத்தை மறைப்பதையே விலக்கியது. ஒரு குழந்தையின் செலவை ஏற்கலாம், வீட்டில் வைத்து வளர்க்கலாம், கல்வி கொடுக்கலாம், நிகாஹ் செய்து வைக்கலாம். அக்குழந்தை எவருக்குப் பிறந்ததோ அந்த உண்மையை அழித்துவிடுவதற்கு மட்டும் நமக்கு உரிமையில்லை.

மறைத்த உண்மை வெளிப்படும் இடம்

“குழந்தை மனம் நோகுமே, சொல்லாமலே இருந்துவிடுவோம்” என்று பலர் எண்ணுகிறார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் உண்மை ஒருநாள் வெளிப்பட்டே தீரும். பெண்பிள்ளையாயின் பெரும்பாலும் அது வெளிப்படுமிடம் நிகாஹ் மஜ்லிஸ். இன்னாருடைய மகள் இன்னாரை என்று சபையில் சொல்ல வேண்டும். நிகாஹ் பதிவேட்டில் எழுத வேண்டும். பெண்ணுக்கு வலீ யாரென்று கேட்க வேண்டும். ஷாஃபியீ மத்ஹபில் வலீ இன்றி நிகாஹ் செல்லாது. வளர்த்தவர் என்பதற்காக ஒருவர் வலீ ஆகிவிட மாட்டார். பெற்ற தந்தை உயிரோடிருந்தால் அவரே வலீ. மணக்கோலத்தில் அமர்ந்திருக்கும் பெண், தான் அத்தா என்று அழைத்தவர் தன் அத்தா அல்லர் என்பதை ஒலிபெருக்கியில் கேட்டு அறிவது எத்தகைய கொடுமை! ஐந்தாறு வயதிலேயே, மடியில் வைத்துக்கொண்டு, கதை போலச் சொல்லி வளர்த்திருந்தால் அப்பெண் அன்று தலைகுனிய வேண்டியதில்லை.

எனவே மதரஸாவிலும் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கும்போது தந்தை பெயர் என்னுமிடத்தில் பெற்றவர் பெயரையே எழுதுங்கள். பாதுகாவலர் என்னுமிடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். பேறுகால மருத்துவமனையிலேயே பேசி முடித்து, பிறப்புச் சான்றிதழில் வளர்ப்பவர் பெயரைத் தாய் தந்தையாக எழுதச் செய்வது மார்க்கத்திலும் பொய். அரசாங்கச் சட்டத்திலும் குற்றம்.

ஹிஜாப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடுத்து வளர்ப்பதால் மட்டும் மஹ்ரம் உறவு உண்டாகாது. அண்ணன் தம்பி மகளை வளர்ப்பவருக்கு அவள் ஏற்கெனவே மஹ்ரம். அக்காள் தங்கை மகனை வளர்க்கும் பெண்ணுக்கும் அவ்வாறே. அப்படியில்லாத குழந்தையாயின் பால்குடி உறவு ஒரு நல்ல வழி. வளர்ப்பது பெண்குழந்தையானால் வளர்ப்புத் தந்தையின் சகோதரியும், ஆண்குழந்தையானால் வளர்ப்புத் தாயின் சகோதரியும் இரண்டு வயதுக்குள் பாலூட்டினால் மஹ்ரம் உறவு அமைந்துவிடும். ஷாஃபியீகளிடம் ஐந்து முறை ஊட்டியிருக்க வேண்டும். ஹனஃபிகளிடம் ஒரு முறையே போதும். பாலூட்டிய தாயின் பிள்ளைகளும் இக்குழந்தையும் அதன்பின் ஒருவரையொருவர் மணக்க இயலாது. ஆகையால் ஊட்டியவர் யார், எந்நாளில் என்பதைக் குறித்து வைப்பது அவசியம். பால்குடி உறவினால் வாரிசுரிமை உண்டாகாது என்பதையும் நினைவிற் கொள்க.

நாட்டுச் சட்டம் சொல்வது

நம் வாரிசுரிமை, ஹிபா, பாதுகாவலர் பொறுப்பு முதலியவற்றுக்கு 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமே அடிப்படை. அச்சட்டத்தில் விளைநிலத்துக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கு, 1949இல் சென்னை மாகாணம் செய்த திருத்தத்தால் நீங்கியது. எனவே தமிழ்நாட்டில் வயலும் தோப்பும் ஷரீஅத் முறைப்படியே பாகமாகும். 1956ஆம் ஆண்டின் இந்து சுவீகாரச் சட்டம் நமக்குப் பொருந்தாது. முத்திரைத்தாளில் ‘தத்துப் பத்திரம்' எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே சில இடங்களில் உண்டு. அத்தாளினால் மட்டும் எந்த உரிமையும் பிறக்காது.

சட்டப்படி பொறுப்பேற்க விரும்புவோர்க்கு 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தில் மனுச் செய்து குழந்தையின் பாதுகாவலராக நியமனம் பெறலாம். குழந்தையின் வம்சம் மாறாது, பெயர் மாறாது, வளர்க்கும் பொறுப்பு சட்டபூர்வமாக நம்மிடம் வரும். குழந்தைக்குச் சொத்திருந்தால், அவ்வாறு நியமிக்கப்பட்ட பாதுகாவலர் நீதிமன்ற அனுமதியின்றி அதன் வீட்டையோ நிலத்தையோ விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அநாதைகளின் பொருளை உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற கருத்துடைய எச்சரிக்கையை (4:10) ஓதும் நமக்கு இந்தக் கட்டுப்பாடு பாரமாகத் தோன்றாது.

மற்றொரு வழி, 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். எந்த மதத்தினரும் இச்சட்டப்படி குழந்தையைத் தத்தெடுக்கலாம். 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில், அப்போதிருந்த 2000ஆம் ஆண்டின் சட்டத்தைக் குறித்துத் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், இது விரும்புவோர் பயன்படுத்திக்கொள்ளும் சட்டமே, எவரையும் கட்டாயப்படுத்துவதன்று என்று விளக்கியது. தம் மார்க்க முறையைப் பின்பற்ற நினைப்பவர் அவ்வாறே பின்பற்றலாம். 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி இப்போது தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சித் தலைவர்.

இச்சட்டத்தின் 63ஆம் பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆணை பிறந்த நாள் முதல், வாரிசுரிமை உட்பட எல்லாவற்றுக்கும் அக்குழந்தை தத்தெடுத்தவருக்கே பிறந்த குழந்தையாகக் கருதப்படும். பெற்ற குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு அற்றுப்போகும் என்று அப்பிரிவு சொல்கிறது. வம்சத்தைப் பாதுகாக்க வேண்டும் என்னும் மார்க்க நெறி இங்கே ஒத்துப்போவதில்லை. ஆலிம்கள் தயங்குவது இதனாற்றான். இச்சட்டப்படி ஆணை பெற்றவர்களும் அந்த ஆணையை மட்டும் நம்பியிராமல், கீழே சொல்லப்போகும் இரண்டு ஏற்பாடுகளையும் செய்து வைப்பதே அறிவுடைமை. பங்கு கேட்கும் உறவினர் வழக்குத் தொடுத்தால், தாய் தந்தையை இழந்து நிற்கும் பிள்ளை நீதிமன்றப் படியேறி நியாயம் தேட வேண்டியதாகிவிடும்.

இன்னுமோர் எச்சரிக்கை. குப்பைத்தொட்டியருகிலோ, பள்ளிவாசல் வாசலிலோ ஒரு பச்சிளங்குழந்தை கண்டெடுக்கப்பட்டால், இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று வளர்க்கத் தொடங்கிவிடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ, 1098 என்ற எண்ணுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். உரிய முறையின்றி அநாதைக் குழந்தையைத் தத்துக்கு என்று கொடுப்பதும் வாங்குவதும் 80ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். தரகர் மூலம் பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது அதனினும் பெரிய குற்றம். நன்மையை நாடிப் போய்ச் சிறைவாசலில் நிற்க வேண்டாம்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒருவர் பிள்ளையில்லாமல் மறைகிறார். மனைவியும், உடன்பிறந்த சகோதரர் ஒருவரும், சகோதரி ஒருவரும் இருக்கிறார்கள். பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். வீட்டில் மனைவியின் உறவு வழியில் வந்த வளர்ப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வீடு, கடை, ரொக்கம் எல்லாம் சேர்ந்து 40 லட்சம் ரூபாய் பெறும். கஃபன் செலவும், கடனும், கொடுபடாத மஹரும் சேர்ந்து 4 லட்சம். மஹரும் கடனே என்பதை ஆண்கள் மறந்துவிடக் கூடாது. மீதம் 36 லட்சம்.

பிள்ளை இல்லாததால் மனைவிக்கு நாலில் ஒன்று, 9 லட்சம். எஞ்சிய 27 லட்சத்தில் சகோதரருக்கு இரு பங்கு, 18 லட்சம். சகோதரிக்கு ஒரு பங்கு, 9 லட்சம். வளர்ப்புப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை.

அவர் உயிரோடிருக்கும்போதே, “என் சொத்தில் மூன்றிலொரு பங்கு இப்பெண்ணுக்கு” என்று வஸிய்யத் எழுதியிருந்தால்? 36 லட்சத்தில் முதலில் 12 லட்சம் அப்பெண்ணுக்குச் சேரும். மீதம் 24 லட்சத்தில் மனைவிக்கு 6, சகோதரருக்கு 12, சகோதரிக்கு 6. எவருடைய உரிமையும் பறிக்கப்படவில்லை. வளர்த்த பெண்ணும் வெறுங்கையோடு நிற்கவில்லை. இரண்டு கணக்குக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு காகிதம்.

முதல் வாசல்: ஹிபா

வாழும்போதே ஒருவர் தம் பொருளைப் பிறருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது ஹிபா. வாரிசல்லாதவருக்கும் கொடுக்கலாம், அளவுக்குச் சட்டத்தில் வரம்பில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. கொடுத்தேன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பெறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். பொருளை அவர் வசம் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையில்தான் பெரும்பாலான ஹிபாக்கள் வீழ்ந்துபோகின்றன. “எனக்குப் பின் இவ்வீடு உனக்கு” என்று சொல்வது ஹிபா ஆகாது, அது வஸிய்யத்.

வாய்மொழி ஹிபாவும் செல்லும். எழுதிய ஹிபா பதிவு செய்யப்படாவிட்டாலும், மூன்று நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால் செல்லும் என்று 2011இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனினும் என் யோசனை, பதிவு செய்துவிடுங்கள் என்பதே. சாட்சிகள் மறைவார்கள், மறப்பார்கள். பட்டா மாற்றவும், வீட்டு வரியையும் மின் இணைப்பையும் பெயர் மாற்றவும் பதிவுப் பத்திரமே எளிதில் உதவும். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வீட்டில் குடியிருந்தால் கொடுத்தவர் வெளியேற வேண்டியதில்லை. ஆனால் உரிமையைக் கைவிட்டதற்கு அடையாளமாக வரி ரசீது முதலியவற்றைப் பெறுபவர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும்.

பிள்ளை 18 வயது நிரம்பாததாயின், பெற்ற தந்தை இருந்தால் அவரே பிள்ளையின் சார்பில் ஏற்றுப் பெற்றுக்கொள்வது முறை. தந்தை இல்லாவிட்டால், மேலே சொன்ன நீதிமன்றப் பாதுகாவலர் நியமனம் இங்கே பயன்படும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, மரணப் படுக்கையில் கொடுக்கும் ஹிபா வஸிய்யத்தாகவே கணக்கிடப்படும். மூன்றிலொரு பங்கைத் தாண்டாது. இரண்டு, முறைப்படி ஒப்படைத்த ஹிபாவை நினைத்தவுடன் திரும்பப் பெற முடியாது. ஆகவே தலைசாய்க்க ஓரிடமும், வயிற்றுக்கு ஒரு வருவாயும் உங்களிடமே இருக்கட்டும். முதுமையில் தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுப்பவர் அதனைப் பத்திரத்திலேயே எழுதுவது நலம். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கோர அது உதவும். மூன்று, உடன்பிறந்தாருக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்ற வன்மத்தோடு கொடுக்காதீர்கள். பத்திரம் செல்லலாம், அல்லாஹ்விடம் அந்த எண்ணத்துக்குக் கணக்குண்டு.

மனைவியையும் மறவாதீர்கள். மேலே கண்ட கணக்கில் அந்த விதவைத் தாயின் பங்கு நாலில் ஒன்றே. வாழ்ந்த வீட்டில் முக்கால் பங்கு பிறருடையதாகிவிடும். மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி மனைவிக்கு வஸிய்யத் செய்ய இயலாது. எனவே கொடுபடாத மஹரை இன்றே தீர்ப்பதும், வாங்கும் வீட்டில் ஒரு பகுதியை அவர் பெயரிலேயே வாங்குவதும் சிறந்த வழிகள்.

இரண்டாம் வாசல்: வஸிய்யத்

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு அப்போது ஒரே மகள். நோயுற்றிருந்த அவர், தம் செல்வத்தில் மூன்றில் இரு பங்கைத் தர்மம் செய்துவிட அனுமதி வேண்டினார். பெருமானார் மறுத்தார்கள். பாதி என்றார். அதற்கும் மறுத்தார்கள். மூன்றிலொரு பங்கு என்றபோது, அதுவே அதிகம் என்று சொல்லி அனுமதித்தார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்துபவர்களாக விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்றும் அறிவுறுத்தினார்கள். வஸிய்யத்தின் சட்டம் முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. கடன் தீர்ந்த பின் எஞ்சியதில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படக் கூடாது. வாரிசாக இருப்பவருக்கு, மற்ற வாரிசுகள் அவர் மறைந்த பின் சம்மதித்தாலன்றி, வஸிய்யத் செல்லாது.

வளர்ப்புப் பிள்ளை வாரிசல்ல என்பதே இங்கே அதற்குச் சாதகமாகிறது. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. வாரிசா, இல்லையா என்பது எழுதும் நாளை வைத்துத் தீர்மானிக்கப்படுவதன்று. மரண நாளை வைத்தே தீர்மானிக்கப்படும். அண்ணன் மகனை வளர்க்கிறீர்கள். அண்ணன் இருக்கும்வரை அவன் உங்கள் வாரிசல்லன். உங்களுக்கு முன் அண்ணன் மறைந்து, வேறு சகோதரரும் இல்லையெனில் அவனே அஸபா வாரிசாகிவிடக் கூடும். அப்போது வஸிய்யத்தின் நிலை மாறும். ஆகவே குடும்பத்தில் ஒரு மரணம் நிகழும்போதெல்லாம் எழுதியதை எடுத்து ஆலிம் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும் முறை எளிது. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவதாக, பிள்ளையை அதன் உண்மையான தந்தையின் பெயரோடு, “இன்னாரின் மகள், எங்கள் வீட்டில் வளர்பவர்” என்று எழுதுங்கள். பாசத்தால் “என் மகள்” என்று எழுதினால் வழக்காடுபவருக்கு நீங்களே வாதத்தை எடுத்துக் கொடுத்தவராவீர்கள். மகள் என்றால் வாரிசாயிற்றே, வாரிசுக்கு வஸிய்யத் ஏது என்பார். மகளும் அல்ல, ஆகையால் பத்திரமே பொய் என்பார்.

இரண்டாவதாக, தொகையை எழுதாமல் பங்கை எழுதுங்கள். இன்றைய 5 லட்சம் இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ன பெறுமோ? குறிப்பிட்ட வீட்டையோ மனையையோ எழுதுவதாயின் கதவு எண், சர்வே எண், நான்கெல்லை ஆகியவற்றைப் பத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள். அதன் மதிப்பு மூன்றிலொரு பங்குக்குள் அடங்குமா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, நீங்கள் கொடுக்க வேண்டிய கடன்களையும் வர வேண்டியவற்றையும் பட்டியலிடுங்கள். நான்காவதாக, நம்பிக்கைக்குரிய இரு சாட்சிகள் கையொப்பமிடட்டும். வாரிசுகளும், வஸிய்யத்தால் பயன் பெறுபவரும் சாட்சியாக வேண்டா. ஐந்தாவதாக, நிறைவேற்றுபவர் ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமியுங்கள். ஆறாவதாக, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமும் தேதியும் இட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயமன்று, ஆயினும் பின்னாளில் “இது அவர் கையொப்பமன்று” என்று எழும் பேச்சுக்கு அது நல்ல விடை. உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

இயலுமாயின் உடன்பிறந்தாரை ஒருநாள் விருந்துக்கு அழைத்து, எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குரிய பங்கு குறையாமல் இருப்பதை அவர்கள் உங்கள் வாயாலேயே கேட்கட்டும். மறைந்த பின் பெட்டியைத் திறந்து முதன்முதலாகக் காணும் காகிதம் மனக்கசப்பை வளர்க்கும்.

நாமினி உரிமையாளர் அல்லர்

“வங்கிக் கணக்கிலும் இன்சூரன்ஸிலும் இவள் பெயரைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேன், அது போதாதா?” என்று கேட்போர் பலர். போதாது. நாமினி என்பவர் பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளரே என்று ஆயுள் இன்சூரன்ஸ் குறித்து 1983லும், பங்குப் பத்திரங்கள் குறித்து 2023லும் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக்கினால் அவர்களுக்கே பயன் சேரும் என்று 2015இல் இன்சூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் வளர்ப்புப் பிள்ளை அவ்வகையில் அடங்கும் என்று நம்பியிருக்க வேண்டா. குடும்ப அட்டையில் பெயர் இருப்பதும் வாரிசுரிமைக்கு ஆதாரமாகாது. கொடுக்க நினைப்பதை ஹிபாவாகவோ வஸிய்யத்தாகவோ கொடுங்கள்.

இதே வஸிய்யத் பேரப்பிள்ளைகளுக்கும் தேவை. தந்தைக்கு முன் ஒரு மகன் இறந்துவிட, வேறு மகன்கள் உயிரோடிருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு வராது. எகிப்து நாட்டில் 1946இல் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாய வஸிய்யத் என்று சட்டமே இயற்றினார்கள். நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆகவே பாட்டனாரின் பேனாவே அந்த அநாதைகளுக்குச் சட்டம். பாகம் பிரிக்கும் சபைக்கு வரும் உறவினர்க்கும் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் அதிலிருந்து ஏதேனும் வழங்கி, கனிவாகப் பேசி அனுப்புமாறு திருமறை (4:8) பணிக்கிறது. வாரிசுகளாக அமரும் சகோதரர்களே, காகிதம் எதுவும் இல்லாத போதும் உங்கள் பங்கிலிருந்து கொடுப்பதற்கு எவரும் தடை சொல்லப் போவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு. நான் இங்கே பொதுவாகச் சொன்னதை வைத்துக்கொண்டு முடிவெடுத்துவிடாமல், உங்கள் மத்ஹபு அறிந்த ஆலிம் ஒருவரையும், நல்ல வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொள்ளுங்கள். வஸிய்யத் செய்வதற்குரிய பொருளை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் அறிவுரை. இரண்டு இரவுகள் என்றார்கள். நாமோ இருபது ஆண்டுகளைக் கழித்துவிடுகிறோம். சகோதரிகளே, எழுதச் சொன்னால் கணவருக்கு அபசகுனமாகத் தோன்றுமோ என்று அஞ்ச வேண்டா. எழுதியதால் எவருக்கும் ஆயுள் குறைந்ததில்லை. இன்றிரவு இஷாவுக்குப் பின் இருவருமாக உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளில் கடன்களைக் குறிக்கத் தொடங்குங்கள்.

நம் பொறுப்பில் வந்த பிள்ளைகளின் உரிமையை உரிய காலத்தில் நிறைவேற்றும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.